சர்வரில் கோப்பு சேரவில்லையா? கை வைக்கும் முன் ஒரு பிரதி!

கணினியில் இருப்பது சர்வரில் இல்லை, அல்லது சர்வரில் பழையதே கிடக்கிறது என்று தெரிந்ததும் முதல் வேலை, கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்கை நிறுத்திவிட்டு இரு பக்கமும் இருப்பதைத் தனி வட்டில் பிரதி எடுப்பது. கோளாறில் தப்பிய கோப்புகளும், கோளாறைச் சரிசெய்யும் அவசரத்தில் அழிந்துவிடலாம்.

அடுத்து எளிய காரணங்கள்: இணைப்பு அறுந்திருக்கலாம், கடவுச்சொல் மாறியிருக்கலாம், சர்வரில் இடம் தீர்ந்திருக்கலாம், ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாதிருக்கலாம். லாக் கோப்பின் கடைசிச் சில வரிகளைப் படித்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

குறிப்பிட்ட சில கோப்புகள் மட்டும் போகவில்லை என்றால் பெயரைப் பார்க்க வேண்டும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி உள்ள பெயர்களை லினக்ஸ் ஏற்கும்; விண்டோஸ் ஏற்காது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் லினக்ஸில் இருக்கலாம். விண்டோஸில் வழக்கமாக ஒன்றுக்குத்தான் இடம்.

தமிழில் பெயர் வைப்போருக்குக் கூடுதலாக இரண்டு சிக்கல்கள். லினக்ஸ் சர்வர்களில் ஒரு பெயரின் உச்ச அளவு பொதுவாக 255 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். ‘கி’ என்ற ஓரெழுத்தே, ககரமும் இகரக் குறியுமாக, 6 பைட். விண்டோஸில் சிக்கலின்றி இருந்த நீளமான பெயர், 85 தமிழ்க் குறிகளைத் தாண்டினால் சர்வரில் ஏறாது. இரண்டாவது சிக்கல் ‘கொ’. ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் இதைச் சேமிக்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பழைய மேக் கணினிகள் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து வந்த ‘கொடுமுடி’ ஃபோல்டரும் விண்டோஸிலிருந்து வந்த ‘கொடுமுடி’ ஃபோல்டரும் சர்வரில் அடுத்தடுத்து நிற்பது இதனால்தான். இரண்டில் ஒன்றை உபரி என்று நினைத்து அழித்தால், அதில் மட்டும் இருந்த கோப்புகள் போய்விடும்.

பெயரில் குறையில்லை என்றால் நேரம். 1996-இல் வெளிவந்த ஆர்சிங்க் என்ற சிங்க் மென்பொருள், வழக்கமாகக் கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால், உள்ளடக்கம் மாறியிருந்தாலும் தாண்டிப் போகும். பழைய ஃபேட் முறையிலான பென் டிரைவ், நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் குறிக்கும். அதனால் மாறாத கோப்பும் மாறியதாகத் தோன்றி, ஒவ்வொரு முறையும் மறுபடி நகலாகலாம். உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் வசதி மெதுவானது. ஆனால் சந்தேகம் வந்தபின் அதை நம்பலாம்.

ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு பேர் இரண்டு கணினியில் திருத்தினால் மோதல் பிரதி உருவாகும். பல மென்பொருள்கள் பெயரோடு தேதியைச் சேர்த்து அதைத் தனியாக வைக்கும். இரண்டையும் திறந்து, வரி வரியாக ஒப்பிட்ட பிறகே ஒன்றை நீக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது நீக்கம். இரு பக்கத்தையும் ஒன்றாக்குவதே சிங்க்கின் வேலை. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும், ரான்சம்வேர் பூட்டிய கோப்பு அங்கேயும் பூட்டப்படும். வெளி வட்டு இணையாத நேரத்தில் அதன் ஃபோல்டர் காலியாகத் தெரியலாம். அப்போது ஆர்சிங்க் டெலீட் விருப்பத்தோடு ஓடினால், காலியைப் பார்த்து சர்வரையும் காலி செய்யும். டிரை-ரன் விருப்பத்தில் முதலில் ஓட்டினால், எதையும் தொடாமல் எவையெல்லாம் அழியும் என்ற பட்டியல் கிடைக்கும். பழைய பதிப்புகளை சர்வரே வைத்திருக்கும் என்பார்கள் சிலர். பல சேவைகளில் அது உண்மைதான். ஆனால் அதற்கும் கெடு உண்டு, இழப்பு தெரியவரும்போது அது முடிந்திருக்கலாம். சிங்க்கோடு தொடர்பே இல்லாத இன்னொரு பிரதி எப்போதும் வேண்டும்.

சரிசெய்த பின், இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, சில கோப்புகளைத் திறந்து சோதித்து, அதன் பிறகே சிங்க்கை மீண்டும் இயக்க வேண்டும். முதலில் எடுத்த பிரதியை அப்போதும் அழிக்கக் கூடாது. அடுத்த முழு பேக்கப் முடியும்வரை அது இருக்கட்டும்.