மடிப்புத் திரை மக்கர் செய்தால் என்ன செய்வது?

பொம்மனஹள்ளி வழியாக ஓசூர் ரோட்டில் இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. 2010-ம் ஆண்டில் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரெயிலும் வந்தது. ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் தூசிக்குப் பஞ்சம் இல்லை.

அடுக்குமாடி வீடுகளிலும் அலுவலகங்களிலும் இப்போது துணித் திரைக்குப் பதிலாக மடிப்புத் திரை மாட்டுகிறார்கள். விசிறி போல மடிந்து மேலே ஏறும். விரிந்து கீழே இறங்கும். "பிளைண்ட்ஸ்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

பார்க்க அழகுதான். விவரம் தெரியாமல் இழுத்தால் கோணிக்கொள்ளும். வாடகை வீடு என்றால், காலி செய்யும்போது அட்வான்சில் பிடித்தம் விழலாம். குழந்தை உள்ள வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது.

மடிப்பு நிற்பது எப்படி?

இந்தத் திரைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் துணி. பாலியஸ்டரை மடித்து, சூடேற்றி, ஆறவிட்டால் மடிப்பு அப்படியே நின்றுவிடும். டெரிலின் பேண்ட்டின் மடிப்பு துவைத்தாலும் கலையாதது இதனால்தான். கார்மெண்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

சூட்டால் வந்த மடிப்பு சூட்டால் போய்விடும். ஆகவே திரைக்கு இஸ்திரி போடக்கூடாது. வெந்நீரும் ஆகாது.

கயிறும் பூட்டும்

மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவே துணி. மெல்லிய கயிறுகள் மேல் சட்டத்திலிருந்து ஒவ்வொரு மடிப்பின் துளை வழியாகவும் இறங்கி, கீழ்ச் சட்டத்தில் முடிச்சாக முடிகின்றன. பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் கீழ்ச் சட்டம் துணியைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்.

மேல் சட்டத்துக்குள் ஒரு சிறிய பூட்டு உண்டு. கயிற்றை ஒரு பக்கம் சாய்த்து விட்டால் அது கவ்விப் பிடிக்கும். லேசாக இழுத்து மறுபக்கம் சாய்த்தால் விட்டுவிடும். முரட்டுத்தனமாக இழுத்தால் கயிறுதான் பிய்யும்.

திரை கோணலாக ஏறுகிறதா? கயிறுகளின் நீளம் சமமாக இல்லை என்று அர்த்தம். திரையை முழுவதும் இறக்கி, கீழ்ச் சட்டத்தில் உள்ள முடிச்சைச் சரிசெய்ய வேண்டும்.

பூட்டு பிடிக்கவில்லையா? உள்ளே தூசி அடைத்திருக்கும். அல்லது கயிறு நைந்திருக்கும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டலாம். எண்ணெய் விடக்கூடாது, அது இன்னும் தூசியைச் சேர்க்கும். நைந்த கயிற்றை மட்டும் மாற்றினால் போதும். திரையையே மாற்ற வேண்டியதில்லை.

கயிறு இல்லாத திரைகளில் ஸ்பிரிங் வேலை செய்கிறது. கீழ்ச் சட்டத்தை நடுவில் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும். ஓரத்தில் பிடித்தால் சாயும்.

வெயில் குறையுமா?

குளுகுளு ஊர் என்று பெயர் எடுத்த பெங்களூரில் 2016 ஏப்ரல் 24-ந் தேதி 39.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ளவர்களுக்குப் பிற்பகல் வெயிலின் கொடுமை தெரியும்.

சாதாரண மடிப்புத் திரை ஒரே துணி. தேன்கூட்டுத் திரை என்று மற்றொரு வகை உண்டு. அதில் இரண்டு துணிகள் சேர்ந்து தேன்கூடு போன்ற அறைகளாக இருக்கும். அறைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடக்க விடாது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபின், மேல்நாடுகளில் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழிகளைத் தேடினார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த யோசனைகளில் இதுவும் ஒன்று.

வாங்கும்போது, கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அது வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத்தான் உள்திரை தடுக்கிறது. வெளியிலேயே தடுக்கும் மூங்கில் தட்டிக்கு வெயிலைத் தணிப்பதில் பலம் அதிகம்.

தூசி தட்டும் முறை

வாரம் ஒருமுறை திரையை முழுவதும் இறக்கி, மேலிருந்து கீழாக, மடிப்பின் போக்கிலேயே மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும். கறை இருந்தால், தண்ணீரில் சிறிது சோப்பு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுக்கலாம். தேய்த்தால் மடிப்பு கலையும். காகிதத் திரையில் தண்ணீரே படக்கூடாது.

ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகே திரையை ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். தொங்கும் கயிறு தவழும் குழந்தைக்கும் ஓடியாடும் குழந்தைக்கும் எமன் ஆகலாம். கழுத்தில் சுற்றிக்கொண்டால் குழந்தையால் சத்தம் போடக்கூட முடியாது. மேல்நாடுகளில் இப்படிப் பல குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகு, கடையில் தயாராக விற்கும் திரைகளில் தொங்கும் கயிறு இருக்கக்கூடாது என்ற விதி அமெரிக்காவில் 2018 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

கயிறு உள்ள வீட்டில், சுவரில் தரையிலிருந்து ஐந்து அடிக்கு மேல் ஒரு கொக்கி அடித்து, கயிற்றை அதில் சுற்றி வைக்க வேண்டும். தொட்டில், கட்டில், நாற்காலி எதையும் ஜன்னல் ஓரம் போடக்கூடாது. ஏறி எட்டிப் பிடிப்பது குழந்தையின் சுபாவம். புதிதாக வாங்குவோர் கயிறு இல்லாத திரையையே கேட்டு வாங்குவது நல்லது.

வாடகைக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் அன்றே வீட்டுக்காரர் முன்னிலையில் ஒவ்வொரு திரையையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் மொபைலில் படம் எடுத்து, ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் பணம் திரும்பி வரும் நாளில் அந்த ஒரு வரி கைகொடுக்கும்.