பம்பாய்ச் சந்துகள் – 17: மணியும் சிட்டும்

சென்ற வாரம் தாராவியின் தொண்ணூறடி ரோட்டுப் பொங்கலைப் பற்றி எழுதியபோது, வரிசையாக எரிந்த அடுப்புகளுக்கு நடுவில் அசையாமல் படுத்திருந்த ஒரு கிழட்டு நாயையும், அதன் முதுகில் ஏறி விளையாடிய பூனையையும் குறிப்பிட்டிருந்தேன். அவை யார் வீட்டுப் பிராணிகள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல உட்கார்ந்தால் ஒரு வரியில் முடியவில்லை. இந்த வாரம் முழுவதும் அவற்றுக்கே.

நாயின் பெயர் மணி. நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் வாழும் சந்தில் நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பூனை சிட்டு. மணிக்கென்று தனியாகச் சொந்தக்காரர் எவரும் கிடையாது. விடியலில் இட்லி அக்கா வாசல், வெயில் ஏறியதும் தோல்பை தைக்கும் பட்டறையின் படி, ராத்திரியில் ரேஷன் கடைத் திண்ணை என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. தைக்கிற பையன்கள் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். அவர்களுக்கு அது ‘மணி பாய்’. சிட்டுவின் ஆட்சி கூரைமேல். பத்ரா என்னும் தகரக் கூரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, யார் வீட்டுப் போட்மாலாவில் (பரணில்) வேண்டுமானாலும் இறங்கும்.

ஊர்போல விடியும் இந்தச் சந்தினை நகரம் என்று சொல்ல எனக்கு என்றைக்குமே நா எழுந்ததில்லை. அதிகாலை நாலு மணிக்கு இட்லி அக்காவின் கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) ஆவி கிளம்பும். அந்தச் சூட்டுக்காகவே மணி அங்கே ஒட்டிப் படுக்கும். ஐந்தரைக்கெல்லாம் இட்லிக்காரர்கள் பெரிய பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அழுத்தியபடி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் கிளம்புவார்கள். குட்டிப் பருவத்தில் மணி அவர்களோடு ரோட்டு முனைவரை ஓடும். அதற்குமேல் அடுத்த நாய்க்கூட்டத்தின் எல்லை என்பதால் அங்கேயே நின்று வாலாட்டிவிட்டுத் திரும்பும். இப்போது ஹாரன் சத்தத்துக்குத் தலைகூடத் தூக்குவதில்லை. காது போய்விட்டது.

எதிர்க் கோலியில் இருக்கும் ஆச்சிக்கு நாங்குநேரிப் பக்கம். வாசலில் குழந்தைகள் கூடும்போதெல்லாம் அவர் ஒரே பாடம்தான் நடத்துவார்: “ஏல, தூங்குத நாயத் தொட்டு எழுப்பாத. முன்னால போயி நில்லு. அது உன்னப் பாக்கட்டும், பொறவு தொடு.” கால்நடை டாக்டர்கள் சொல்வதும் இதையேதான். காது கேளாத நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கவ்விவிடும். அது கோபத்தில் கடிப்பதில்லை, பயத்தில் கடிக்கிறது. வயதான தெருநாய் கடித்தது என்று வரும் புகார்களில் எத்தனை இப்படி நடந்தவையோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மணிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஆச்சியின் பேரன் பால்வாடிக்குப் போன வருஷம் குட்டியாக வந்தது. பேரன் இப்போது பத்தாவது படிக்கிறான். பெரிய ரோட்டு வண்டிகள், ரயில் தண்டவாளம், டிஸ்டெம்பர், உண்ணிக் காய்ச்சல் எல்லாவற்றையும் தாண்டி ஒரு தெருநாய் இந்த வயதைத் தொடுவது அபூர்வம். கண்ணில் நீலம் கலந்த புகைமூட்டம் தெரிகிறது. புரை என்று பயந்தோம். வயதான நாய்களுக்கு விழியின் லென்ஸ் இறுகுவதால் வருவது, இதனால் பார்வை அதிகம் குறையாது என்றார் டாக்டர். பின்னங்கால் மூட்டுத்தான் பெரிய வேதனை. மழை மாதங்களில் எழுந்து நிற்பதற்கே இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது.

சிட்டு போன மழைக்காலத்தில் இட்லி அக்காவின் போட்மாலாவில், உளுந்து மூட்டைக்குப் பின்னால் பிறந்தது. தாய்ப்பூனை ஒருநாள் போனது போனதுதான். ஒரு மாதக் குட்டி தானாகவே ஏணிப்படி வழியாக உருண்டு இறங்கி, கீழே படுத்திருந்த மணியின் வயிற்றுச் சூட்டில் ஒண்டிக்கொண்டது. பூனைக் குட்டிகளுக்குப் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை ஒரு முக்கியமான காலம். அந்த நாட்களில் யாரோடு பயமில்லாமல் பழகுகிறதோ அவர்களைத் தன் இனமாகவே எடுத்துக்கொள்ளும். சிட்டுவுக்கு அந்த நாட்களில் வாய்த்தது மணி.

இப்போது அது செய்யும் சேட்டைக்கு அளவில்லை. கூரை விளிம்பில் பதுங்கி, பின்புறத்தை ஆட்டி ஆட்டிக் குறிபார்த்து, மணியின் வால்மேல் குதிக்கும். மணி உறுமும், பல் காட்டாது. இன்னும் தொல்லை கொடுத்தால் முன்னங்காலைத் தூக்கிச் சிட்டுவின்மேல் வைத்து அழுத்திவிட்டு மறுபடி தூங்கிப்போகும். மீனவர் குடியிருப்பான கோளிவாடாவிலிருந்து மீன்கூடையோடு வரும் அம்மாள் தலைகளையும் செதில்களையும் ஓரமாகப் போடுவார். சிட்டு ஒரு தலையைக் கவ்விக்கொண்டு நேராக மணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துதான் தின்னும். மிச்சம் மணிக்கு. பல் தேய்ந்துபோன நாய்க்கு மீன்தலையின் மெத்தென்ற பகுதி போதும்.

சிட்டுவின் விளையாட்டெல்லாம் வேட்டைக்கான பயிற்சி. அரிசியும் மாவும் தோலும் அடைந்து கிடக்கும் தாராவியில் அந்த வேட்டைக்கு மதிப்பு உண்டு. மாநகராட்சியின் பூச்சி ஒழிப்புத் துறையில், கையில் டார்ச்சும் தடியுமாக ராத்திரி முழுவதும் எலி அடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஓர் இரவில் 30 எலி கொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கான இலக்கு. வெள்ளத்தில் எலிமூத்திரம் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு அந்தக் காய்ச்சல் இந்த நகரத்தை என்ன பாடு படுத்தியது என்பதைப் பழையவர்கள் மறக்கவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் வந்திருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்குப் பிளேக் பரவுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சைமண்ட் 1898-இல் கராச்சியில் காட்டினார். பின்னர் அமராவதிப் பக்கம் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஆண்ட்ரூ புக்கானன் ஒன்றைக் கவனித்தார்: பூனை அதிகம் வளர்க்கும் இடங்களில் பிளேக் குறைவாக இருந்தது. பூனைகள் பிளேக்கைத் தடுக்கின்றன என்று 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையே எழுதினார். அதே பிளேக்கினால்தான் 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை அகலத் தெருக்களோடு திட்டமிட்டது. நம்மவர்கள் மாட்டுங்காவில் மரநிழல் தெருக்களில் குடியேறியதற்குப் பின்னால் ஒரு எலியின் கதை இருக்கிறது. அந்தப் பக்கம் மேம்பாடு நடந்தது. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தோல் பதனிடும் தொட்டிகளும் அவற்றில் வேலை செய்யத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

பூனைக் கதை போகட்டும், நாய்களுக்காக இந்த நகரம் ரத்தம் சிந்தியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்ல அன்றைய கம்பெனி அரசு உத்தரவு போட்டு, நாய் ஒன்றுக்கு 8 அணா கொடுத்தது. காசுக்காக வீட்டு நாய்களையும் அடிக்கத் தொடங்கினார்கள். நாயைப் புனிதமாக மதிக்கும் பார்சிகள் 1832 ஜூன் 6 அன்று கோட்டைப் பகுதியில் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. ஆனாலும் நாயைக் கொல்வது அதன் பிறகும் நூறாண்டுகளுக்கு மேல் இந்தியா முழுவதும் நகராட்சிகளின் வழக்கமாகவே இருந்தது. கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1960-களிலேயே சென்னையின் புளூ கிராஸ் சொல்லிச் செய்தும் காட்டியது. அது நாடு முழுமைக்கும் விதியாக வர 2001 ஆகிவிட்டது. மணியின் இடது காதில் இருக்கும் சின்ன வெட்டு அந்த விதியின் அடையாளம்: கருத்தடை ஆயிற்று, தடுப்பூசி போட்டாயிற்று.

2014-இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் மும்பையில் 95,172 தெருநாய்கள். ஒவ்வொன்றையும் எங்கே பிடித்தார்களோ அங்கேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதுதான் இந்த விதிகளின் உயிர்நாடி. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்ட நாய்களையும் ஆக்ரோஷமான நாய்களையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. உணவிடத் தனி இடங்கள் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7-இல் பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ், ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி இன்னொரு உத்தரவு வந்தது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயின் பயம் நியாயமானது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்தில்லை. கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பயத்துக்கு மருந்து தடுப்பூசிதான். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மணிக்கு ஒவ்வொரு வருஷமும் ஊசி போட நாங்கள் தவறுவதில்லை.

மணி எழ முடியாமல் போன சமயத்தில் பரேல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பார்சித் தொழிலதிபர் தின்ஷா பெட்டிட் தம் மனைவி சக்கர்பாயின் பெயரில் 1880-களில் ஏற்படுத்திய ஆஸ்பத்திரி அது. மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்த இடம் என்பதால் பம்பாய்க்காரர்களுக்கு இன்றும் அது ‘பைல் கோடா’ ஆஸ்பத்திரி. சயானுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது. நாயைக் கண்டதும் டாக்சிகள் நிற்காமல் போயின. கடைசியில் தோல்பைப் பட்டறைப் பையன்கள் சரக்கு ஏற்றும் டெம்போவில் மணியைப் படுக்கவைத்து அழைத்துப்போனார்கள். டாக்டர் சொன்னவற்றை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். உலர்ந்த சப்பாத்தியை அப்படியே போடாதீர்கள், கறித்தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். வெங்காயம் சேர்ந்த சாம்பாரும் குழம்பும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒன்று போதும், பூனை செத்துப்போகும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால்கூடச் செரிக்காது. ஈரத் தரையிலிருந்து தூக்கி, கிழவனுக்கு ஒரு சாக்குப் படுக்கை போட்டுக் கொடுங்கள். இட்லி அக்கா மறுநாளே உளுந்துச் சாக்குகள் இரண்டை மடித்துப் போட்டுவிட்டார்.

என் கவலை வேறு. 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில், சந்துகளை இடித்துப் புதிய கட்டடங்கள் எழுப்பும் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. டிரோன் பறந்தது, லிடார் கருவி சந்துகளை அளந்தது, கதவுகளில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. அதாவது இட்லி அக்கா ஒரு பக்கம், ஆச்சி ஒரு பக்கம், பட்டறை எங்கோ. மணியைக் காப்பாற்றுவது ஒரு மனிதர் அல்ல, ஒரு சந்து. அந்தச் சந்தே இல்லாமல் போகும்போது ‘பிடித்த இடத்திலேயே விட வேண்டும்’ என்ற விதி எந்த இடத்தைச் சொல்லும்? வேறு எல்லையில் கொண்டுபோய் விட்டால் அங்குள்ள கூட்டம் ஒரு கிழ நாயை ஒரே ராத்திரியில் கிழித்துவிடும். இடித்த தளங்களில் சோறு போட ஆளில்லாமல் திரியும் இளம் நாய்கள் பசியிலும் பயத்திலும் கடிக்கத் தொடங்கும். அப்போது பழி நாய்மேல் விழும்.

மனிதர்களுக்கே நியாயம் கிடைக்குமா என்று தெரியாத இடத்தில் நாய்பூனையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். மனிதர்களின் உரிமைக்கான போராட்டத்தில் நானும் நிற்கிறேன். அதோடு சேர்த்து இதையும் கேட்பதில் தவறில்லை. ஒரு பகுதியை இடிப்பதற்கு முன்னால் அங்கிருக்கும் அத்தனை நாய்க்கும் பூனைக்கும் ஊசியும் கருத்தடையும் முடித்திருக்க வேண்டும். கிழங்களை யாராவது கூடவே அழைத்துப்போக விரும்பினால் அதற்கு வழி செய்ய வேண்டும். புதிய கட்டடங்களின் வரைபடத்தில் கார் நிறுத்தத்துக்கு இடம் குறிப்பதைப்போல உணவிடும் இடமும் குறிக்கப்பட வேண்டும்.

இட்லி அக்கா மணியையும் சிட்டுவையும் தம்மோடு கொண்டுபோவதென்று முடிவு செய்துவிட்டார். செம்பூரில் கட்டட வீட்டுக்குப் போன அவருடைய தங்கை பயமுறுத்துகிறார்: “சொசைட்டியில விட மாட்டாங்க அக்கா, எங்க கட்டடத்துல ஒரு பூனைக்கே பெரிய சண்டை.” அவர்களுக்காகவும் உங்களுக்காகவும் சொல்கிறேன். பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட ஒரு சொசைட்டி வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது, லிப்டில் ஏற்றுவதையும் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உயரமான மாடிக்குப் பூனையோடு போகிறவர்கள் ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

தாராவி வாசகர்களே, உங்கள் சந்தில் திரியும் நாய்களின் படத்தையும் தடுப்பூசிச் சீட்டையும் இப்போதே சேர்த்து வையுங்கள். கணக்கெடுக்க வருகிறவர்களிடமும் வார்டு ஆபீசிலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாட்டுங்கா, செம்பூர் வாசகர்களே, உங்கள் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில் நாய்களுக்கு உணவிடும் இடம் எது என்று கேளுங்கள். அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பை, 2001 விதிகளுக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள் குடியிருப்புச் சங்கங்களிடம்தான் கொடுத்திருக்கின்றன.