நோய் கண்ட பின்னும் தொடரும் பழக்கம்

நம் நாட்டில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. இதற்குப் பெருங்காரணம் புகையிலை. மது அதற்குத் துணை நிற்பது. இது பலரும் அறிந்ததே. ஆனால், நோய் இன்னதென்று உறுதியான பின்னரும் நோயாளிகளுள் ஒரு பகுதியினர் இப்பழக்கங்களைத் தொடர்கின்றனர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. "வருவது வந்துவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்பது அவர்கள் வாதம்.

பயன் உண்டு என்பதே மருத்துவ அறிவியல் தரும் விடை. புற்றுநோயாளிகள் தொடர்ந்து புகைப்பதால் இறப்பு கூடுகிறது என்றும், மற்றொரு புற்றுநோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பும் பெருகுகிறது என்றும் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2014ஆம் ஆண்டு அறிக்கை முடிவு கூறிற்று. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் சுமந்து செல்லும் ஆக்ஸிஜனைக் குறைக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையோ, கட்டியில் ஆக்ஸிஜன் போதிய அளவு இருந்தால்தான் நன்கு வேலை செய்யும். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அறுவைப் புண் ஆறத் தாமதமாகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் எர்லோடினிப் போன்ற மருந்துகள் புகைப்பவர் உடலில் விரைவாகச் சிதைந்து போகின்றன. அரும்பாடுபட்டுப் பெற்ற சிகிச்சையின் பலனை ஒரு கட்டு பீடி இவ்வாறு அரித்துவிடுகிறது.

புகைப்பது மட்டுமே கேடு என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் புகைப்பவர் 10.7 சதவீதம், கைனி, குட்கா, புகையிலை சேர்த்த வெற்றிலை போன்ற புகையற்ற வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். "புகை பிடிப்பீர்களா?" என்று மட்டும் மருத்துவர் கேட்டால், கைனி மெல்லுபவர் "இல்லை" என்றே சொல்வார். அது பொய்யும் அன்று.

மதுவில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் அறுவைக்காகத் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், மனக்குழப்பம், வலிப்புகூட ஏற்படலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தால் இதைத் தடுக்க இயலும். ஆனால் மனைவி மக்கள் சூழ நிற்கையில், குடிக்கும் அளவை உள்ளபடி சொல்லத் துணிவோர் எத்தனை பேர்? இக்கேள்வியைத் தனிமையில் கேட்பதே முறை.

பழக்கத்தை விடாதவரை மன உறுதியற்றவர் என ஏசுவது எளிது. ஆனால் நிகோடின் அடிமைத்தனமும் ஒரு நோயே. அச்சமும், சிகிச்சைக்காக ஊர்விட்டு ஊர் வந்து காத்திருக்கும் நாட்களும் அதை வளர்க்கின்றன. உறவினரின் பழிச்சொல் நோயாளியை மறைந்து புகைக்கச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் 2002இல் புகையிலை விடுப்பு மையங்கள் தொடங்கப்பட்டன. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனை 2016இல் வந்தது. நிகோடின் மெல்லும் பசை பலருக்கு உதவுகிறது எனினும், கதிர்வீச்சால் வாய் புண்ணானவருக்கு அது ஏற்றதன்று. அத்தகையோருக்குத் தோலில் ஒட்டும் பட்டையை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.