கைக்கு முன்பே போய்விடும் தோட்டா

பிஸ்டலின் ட்ரிகர் விடுபட்டுத் தோட்டாவின் பின்புறத்தில் அடி விழுந்ததும், ஈயக்குண்டு 14 சென்டிமீட்டர் நீளக் குழலைக் கடந்து வெளியேற ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகும். திடீரென ஒரு சத்தம் கேட்டால் மனிதக் கை பதிலுக்கு அசைய அதைப் போல நூற்றைம்பது மடங்கு நேரம் பிடிக்கும். பதினைந்து மீட்டர் தள்ளியிருக்கும் தாளில் ஓட்டை விழுந்த பிறகுதான், துப்பாக்கி உதைத்தது என்பதற்கே கை பதில் சொல்லத் தொடங்குகிறது. ஆகவே, "உதைத்துவிட்டது, அதனால் குறி தப்பியது" என்று புதிதாகச் சுடுபவர் சொல்வதை இயற்பியல் ஏற்பதில்லை. உதைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் அவர் கை முன்கூட்டியே பிஸ்டலைக் கீழே அழுத்திவிட்டது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களின் தாளில் ஓட்டைகள் நடுப்புள்ளிக்குக் கீழே, இடப்பக்கமாகக் குவிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இது கோழைத்தனமல்ல. கண்ணில் காற்றை ஊதுவதற்குச் சற்று முன்பாக ஒவ்வொரு முறையும் ஒரு ஒலியை எழுப்பினால், சிறிது பழகியதும் அந்த ஒலிக்கே இமை மூடிக்கொள்ளும். சிறுமூளை அப்படிக் கற்கிறது என்பது ஆய்வுக்கூடங்களில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி. துப்பாக்கியிலும் வரிசை இதேதான்: ட்ரிகர், வெடிச்சத்தம், உள்ளங்கையில் அடி. பெரிய பிஸ்டலோடு பயிற்சியைத் தொடங்குபவரின் சிறுமூளை முதலில் கற்பது குறிபார்ப்பதை அல்ல, மிரள்வதைத்தான். ஒருமுறை படிந்துவிட்டால் அதை அழிப்பது பெரும்பாடு. முதல் பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் முதலிடம் தருவேன்.

சுடுதளத்தில் பொழுதுபோக்காகச் சுடுவது பெருவழக்காக உள்ள அமெரிக்காவில், தொடக்கக்காரர்களின் தோட்டா என்றால் அது பாயிண்ட் 22 லாங் ரைஃபிள்தான். பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலிலும் இதையே போடுகிறார்கள். குண்டின் எடை 2.6 கிராம். பிஸ்டல் குழலிலிருந்து நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டல் அதற்கு ஈடாகப் பின்னோக்கி நொடிக்கு முக்கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகம் பெறும். அதன் ஆற்றல் கால் ஜூலுக்குச் சற்று அதிகம். இதையே 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் கணக்கிடுங்கள்: 8 கிராம் குண்டு, நொடிக்கு 350 மீட்டர், பிஸ்டலின் எடை 700 கிராம். பின்னோக்கிய வேகம் நொடிக்கு 4 மீட்டர், ஆற்றல் ஐந்தரை ஜூலுக்கு மேல். வெடிவாயுவின் பங்கை இரண்டிலும் சேர்க்கவில்லை. சேர்க்காமலேயே, ஒரு கை வாங்கும் அடி இன்னொன்று வாங்குவதைப் போல இருபது மடங்கு.

இந்தத் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தீமூட்டும் கேப் ஒன்று தனியாகப் பதிக்கப்பட்டிருக்கும். பாயிண்ட் 22இல் அது கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடியில் விளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே, அடித்தால் தீப்பற்றும் மருந்தைச் சுழற்றிப் படியவைக்கிறார்கள். ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கினால் தீப்பொறி எழும். பாகங்கள் குறைவு, அதனால் விலையும் குறைவு. 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றின் விலைக்கு இதில் மூன்று நான்கு வாங்கலாம். இந்த எளிமைக்கு இரண்டு விலைகள் உண்டு. நசுங்கிய கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. விளிம்பின் ஓரிடத்தில் மருந்து சரியாகப் படியாமல் போனால், அந்த இடத்தில் பின் விழும்போது 'டிக்' என்ற ஓசையோடு சரி. அப்படி வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கவும் கூடும் என்பதால், பிஸ்டலின் முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். குழலின் பின்கதவைத் திறப்பது அதன் பிறகுதான்.

குறைந்த விலைக்குத் துல்லியம் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்விக்கும் பாயிண்ட் 22 குண்டின் சிறிய உந்தத்தில்தான் விடை இருக்கிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் அழுத்தம் தணிவதற்குள் பின்கதவு திறந்துவிடக் கூடாது. அதற்காகக் குழலும் மேலுறையும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் ஒன்றாகப் பின்வாங்கி, பிறகு குழல் சாய்ந்து பூட்டு விடுபடும்படி பெரும்பாலான பிஸ்டல்களைச் செய்கிறார்கள். ஒவ்வொரு சூட்டிலும் நகர்ந்த குழல் அதே இடத்துக்குத் திரும்பி உட்கார வேண்டும். பாயிண்ட் 22க்கு இந்தப் பூட்டு தேவையில்லை. பின்கதவாக நிற்கும் போல்ட்டின் எடையும் ஒரு சுருள்வில்லுமே அதைப் போதிய நேரம் மூடிவைத்திருக்கும். குழலைச் சட்டத்தோடு அசையாமல் பொருத்திவிடலாம். எளிமையான பிஸ்டலே துல்லியமான பிஸ்டலாகவும் அமையும் அரிய இடம் இது.

இதை வணிகமாக்கியவர்களில் வில்லியம் ரூகரை மறக்க முடியாது. 1949இல் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட்டில், நண்பர் அலெக்சாண்டர் ஸ்டர்ம் போட்ட 50,000 டாலர் முதலோடு அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருளே ஒரு பாயிண்ட் 22 பிஸ்டல்தான். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் கொண்டுவந்த ஜப்பானிய நம்பு பிஸ்டலின் அமைப்பை அவர் கூர்ந்து படித்திருந்தார். அதுபோலவே குழாய் வடிவ உறைக்குள் போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும்படி வடிவமைத்தார். குறிமுனைகள் இரண்டும் அசையாத பாகங்களில் அமைந்தன. கைப்பிடிச் சட்டத்தைக் கட்டி எஃகிலிருந்து கடைந்தெடுக்காமல், எஃகுத் தகட்டை இரு பாதிகளாக அச்சில் அழுத்தி, ஒன்றாகப் பற்றவைத்தார். விலை 37 டாலர் 50 சென்ட். ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் உட்ஸ்மேன் அப்போது இந்த வகையில் பேர்பெற்றது, அருமையான கைவேலை, ஆனால் விலை அதிகம். ஸ்டர்ம் 1951இல் இளம் வயதிலேயே இறந்தார். அவர் நினைவாக, கைப்பிடியில் பதித்த கழுகுச் சின்னத்தைச் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாற்றினார் ரூகர். அந்தப் பிஸ்டலின் வாரிசான மார்க் 4, 2016இல் வந்தது. முந்தைய மாதிரிகளைப் பிரித்துத் துடைத்த பிறகு மறுபடி பூட்டுவதற்குள் பொறுமை போய்விடும் என்ற பழைய புகாரை அது ஒரே பொத்தானில் தீர்த்துவைத்தது.

இன்று அதே வகையில் பிரவுனிங்கின் பக்மார்க்கும், ஸ்மித் அண்ட் வெஸனின் விக்டரியும் இருக்கின்றன. பிளாஸ்டிக் சட்டத்தோடு 2019இல் வந்த டாரஸ் டிஎக்ஸ்22 இவற்றைவிட மலிவு. இவற்றில் எது சிறந்தது என்ற வாக்குவாதத்தில் இறங்க எனக்கு விருப்பமில்லை. திண்டில் சாய்த்துவைத்துச் சுட்டால் இவை எல்லாமே, தொடக்கக்காரர் கையில் பிடித்துச் சுடுவதைவிட நெருக்கமாக ஓட்டை போடும். கவனிக்க வேண்டியது வேறு மூன்று.

முதலாவது ட்ரிகர். விரல் அழுத்தத் தொடங்கியதிலிருந்து அது விடுபடும் வரையிலான அரை நொடியில்தான் எல்லாக் குறியும் கெடுகிறது. பிஸ்டலின் எடையைவிடப் பல மடங்கு விசை கேட்கும் ட்ரிகர், குறி பார்த்த கையைத் தானே திருப்பிவிடும். ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் ட்ரிகர் விசை ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. கடையில் வாங்கும் பிஸ்டல் ஒன்றரை, இரண்டு கிலோவில் இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் கரகரவென்று இழுபடாமல், கண்ணாடிக் குச்சி முறிவதுபோலச் சட்டென்று விடுபட வேண்டும்.

இரண்டாவது, குறிமுனைகளின் இடைவெளி. முன்னும் பின்னும் உள்ள முனைகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் இருந்தால், முன்முனை ஒரு மில்லிமீட்டர் விலகும்போது 15 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 23 சென்டிமீட்டரானால் விலகல் ஆறரை சென்டிமீட்டர்தான். சட்டைப்பைக்கு அடங்கும் குட்டிப் பிஸ்டலைக் கற்றுக்கொள்ள வாங்குவது காசைத் தொலைப்பதற்குச் சமம். நாற்பது வயதைத் தாண்டி, கைநீளத் தூரமே மங்கலாகத் தெரிபவர்கள் ரெட் டாட் எனப்படும் செம்புள்ளிக் கண்ணாடியைப் பொருத்த இடமுள்ள மாதிரியைக் கேட்டு வாங்கலாம். அதில் ஒரே புள்ளி, அதுவும் இலக்கின் தூரத்திலேயே தெரியும்.

மூன்றாவது எடை. இங்கே எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. ஒரு கிலோ பிஸ்டலின் நிலைமம் கையின் சிறு நடுக்கங்களை விழுங்கிவிடும். அதே எடை, மணிக்கட்டு மெலிந்தவருக்குப் பத்து நிமிடத்தில் நடுக்கத்தைக் கொண்டுவந்துவிடும். டிஎக்ஸ்22 அதில் ஏறக்குறையப் பாதி எடைதான். அமெரிக்கச் சுடுதளங்கள் பலவற்றில் பிஸ்டல்களை வாடகைக்குத் தருகிறார்கள். இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்க்காமல் கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்குபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

விலை என்றதும் எல்லோரும் பிஸ்டலின் விலைச்சீட்டையே பார்க்கிறார்கள். வாரம் இருநூறு தோட்டா சுடுபவர் ஆண்டுக்குப் பத்தாயிரம் தோட்டா சுடுகிறார். பிஸ்டலில் மிச்சம்பிடித்த நூறு டாலர் அந்தக் கணக்கில் கரைந்துபோகும். தோட்டாவைத் தேர்வதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பிஸ்டலில் தடையின்றி ஓடும் வகை இன்னொன்றில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கி, திண்டில் சாய்த்து, பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடலாம். மூன்று ஓட்டைகள் நெருக்கமாக விழுந்தால் அது பெரும்பாலும் தற்செயல். வேகம் குறைந்த வகையே தாளுக்குப் போதும். ஒலியின் வேகத்தைத் தாண்டுவதில் சுடுதளத்தில் சுடுபவருக்கு ஒரு லாபமும் இல்லை. நல்ல வகை அகப்பட்டால் கொஞ்சம் சேர்த்துவைப்பது நல்லது. 2012இன் இறுதிக்குப் பிறகு அமெரிக்காவில் கடைகளில் பாயிண்ட் 22 தோட்டாவே கிடைக்காத நெடுங்காலம் ஒன்று இருந்தது.

கை மிரள்கிறதா என்று அறிய மலிவான சோதனை ஒன்று உண்டு. மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் ஒன்றிரண்டை, எது எங்கே என்று தெரியாதபடி நண்பர் ஒருவர் மேகசினில் கலந்துவைக்க வேண்டும். போலி வரும்போது வெடிப்பு இருக்காது. பிஸ்டலின் முனை மட்டும் சட்டென்று கீழே குனிந்தால், முன்கூட்டியே அழுத்தும் கை அங்கே பிடிபட்டுவிடும். வீட்டில் தோட்டாவே இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுவதும் நல்ல பயிற்சி. ஆனால் பாயிண்ட் 22இல் பின் விளிம்பைத்தான் தாக்கும் என்பதால், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியாக இருந்தால் சில மாதிரிகளில் அது எஃகின் ஓரத்தில் போய் மோதும். அதற்காகச் சுவரில் ஸ்க்ரூ முடுக்கப் பயன்படும் மஞ்சள்நிற பிளாஸ்டிக் ராவல் பிளக்கை அறைக்குள் செருகிக்கொள்கிறார்கள் அமெரிக்கர்கள். வேலை பிரமாதமாக நடக்கிறது. இப்படிப் பழகும் வீட்டறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சின்னத் தோட்டா என்று காதை அலட்சியம் செய்யக் கூடாது. கணநேர ஓசைக்குச் செவியின் பாதுகாப்பு எல்லையாகச் சொல்லப்படுவது 140 டெசிபெல். குட்டையான பிஸ்டல் குழலிலிருந்து வரும் பாயிண்ட் 22 அதைத் தாண்டிவிடும். கூரையிட்ட சுடுதளத்தில் செருகியும் மூடியும் சேர்த்து இரட்டைக் காப்பு போட்டுக்கொள்வதே சரி. செவி நரம்பில் இழந்தது திரும்பாது. பெரும்பாலான பாயிண்ட் 22 குண்டுகள் உறையில்லாத ஈயம், விளிம்பு மருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு. புகையில் அது கலந்திருக்கும். காற்றோட்டம் மோசமான இடத்தைத் தவிர்ப்பதும், கையையும் முகத்தையும் சோப்பால் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதிருப்பதும், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் சட்டையைத் தனியே துவைப்பதும் கட்டாயம். பிஸ்டலும் தோட்டாவும் பூட்டிய பெட்டிகளில், தனித்தனியே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதற்கும் இது பொருந்தும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பாயிண்ட் 22க்கு உரிமம் வேண்டும். அதனால் இங்கே பெரும்பாலோர் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குகிறார்கள். அதில் உதைப்பு ஏறக்குறைய இல்லை என்பதால், மிரளாமல் கற்பதற்கு அது பாயிண்ட் 22ஐவிடவும் மேல் என்பேன். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலங்களையும் வென்றது ஏர் பிஸ்டலில். அவர் நான்காவதாக வந்த 25 மீட்டர் போட்டியும், 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயரும் பாயிண்ட் 22 தோட்டாவில் நடப்பவை.

காசு குறைவாக இருப்பவருக்குப் பழைய பாயிண்ட் 22 பிஸ்டலே என் பரிந்துரை. உதைப்பு குறைவு என்பதால் இதன் பாகங்கள் எளிதில் தேய்வதில்லை. 1950களில் விற்ற ரூகர்கள் இன்றும் சுடுகின்றன. வாங்கும்முன் மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, மேகசினின் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் வரும். பிறகு சிறு விளக்கு ஒன்றைப் பிடித்து, அறையின் பின்விளிம்பில் பின் விழும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால், முன்பு வைத்திருந்தவர் ராவல் பிளக் இல்லாமல் பழகியிருக்கிறார் என்று பொருள். பிதுங்கிய உலோகம் தோட்டாவை முழுதாக உள்ளே போகவிடாது. சிறிய பள்ளமென்றால் துப்பாக்கி மெக்கானிக் ஒரு கூம்புக் கம்பியைச் செருகி நிமிர்த்திவிடுவார். அந்தக் கூலியை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.