உங்களுக்குத் தெரியுமா? சான்றிதழில் சிக்காத கல்நார்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஒருவர் இறந்தால், குடும்பத்துக்குக் கிடைக்கும் இறப்புச் சான்றிதழில் பெயர், தேதி, இடம் எல்லாம் இருக்கும். எதனால் இறந்தார் என்பது மட்டும் இருக்காது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதை வெளியிட விடுவதில்லை. காரணம் இருப்பது மருத்துவர் நிரப்பும் தனிப் படிவத்தில். (2023-இல் வந்த திருத்தத்தின்படி அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும்.)

சிக்கலே அந்தப் படிவத்தில்தான். ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்த் தூசு நுரையீரலுக்குள் போய் நோயாக வெளிப்பட 20, 30, ஏன் 40 ஆண்டுகூட ஆகலாம். அதற்குள் அந்தத் தூசியில் வேலை செய்த தொழிலாளி ஓய்வுபெற்று ஊர் மாறியிருப்பார். கடைசி நாளில் பார்க்கும் மருத்துவர் 'மாரடைப்பு' என்றோ, வெறுமனே 'இதயம் நின்றது' என்றோ எழுதிவிடக்கூடும். இதயம் நிற்காமல் யார்தான் இறக்கிறார்கள்! இறப்பு அறிக்கைப் படிவமோ, எத்தனை ஆண்டு புகைபிடித்தார் என்று கேட்கிறது; எத்தனை ஆண்டு தூசியில் நின்றார் என்று கேட்பதில்லை.

அந்தப் படிவமும் எல்லோருக்கும் நிரப்பப்படுவதில்லை: 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது.

கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைப் பணி தொடங்கி 40 ஆண்டு, அல்லது பணி முடிந்து 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்கும்படி 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சான்றில் கையெழுத்திடும் மருத்துவரின் கண்ணில் அது பட்டால்தானே!