வெட்கத்தில் காசு பார்ப்பவர்கள்

"நீ அனுப்பின படம் என்னட்ட இருக்கு. மஃரிபுக்கு முதல் காசு வரல்லெண்டா உன்ட வாப்பாக்கும் போகும், பள்ளிவாசல் குறூப்புக்கும் போகும்." கிழக்கிலங்கையின் பாலமுனையிலோ ஒலுவிலிலோ கல்முனையிலோ வட்ஸ்அப்பில் வரும் மிரட்டல் ஏறக்குறைய இந்தத் தோரணையில்தான் இருக்கும். படத்தில் இருப்பது என்ன என்பது மிரட்டுபவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஊருக்குத் தெரிந்தால் செத்தேன் என்று நீங்கள் நினைப்பது ஒன்றே அவனுக்குப் போதும்.

இந்தப் பயத்தின் வேர் தன் ஆசையைப் பற்றிய வெட்கம். ஆனால் ஆசைகள் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. ஒருவருக்கு ஒரு வகை உடையில் மோகம். இன்னொருவருக்குக் கட்டளையிடுவதில், அல்லது கட்டுப்பட்டுக் கிடப்பதில் கிளர்ச்சி. உலக சுகாதார ஸ்தாபனம் ஒருபால் ஈர்ப்பை 1990 இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022 இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில், பொருள்மோகமும் வளர்ந்த இருவர் மனமொத்து ஈடுபடும் ஆதிக்க விளையாட்டும் தனி நோய்களாக இல்லை. சிறுவர் மீதான ஈர்ப்பு, ஒளிந்து பார்த்தல், மறுப்பவரை வதைத்தல், நெரிசலில் அந்நியரை உரசுதல் ஆகியவை இன்னும் இருக்கின்றன. அக்கரைப்பற்று பஸ்ஸில் பெண்ணை உரசுபவனை "விளையாட்டுப் பொடியன்" என்று விட்டுவிடுகிறோம். யாரையும் தொடாமல் தன் மனதுக்குள் எதையோ விரும்புபவனோ தன்னைப் பைத்தியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். உரசுவது தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு. ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

மார்க்கம் இதையெல்லாம் பேசவே விடாது என்பார்கள். மனதில் எழுந்து சொல்லாகவோ செயலாகவோ மாறாத எண்ணத்துக்குக் குற்றம் பிடிக்கப்படாது என்ற ஹதீஸ் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மனைவியின் தேவையும் தீரும்வரை கணவன் பொறுத்திருக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யா நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். எல்லைகள் உண்டுதான். ஆனால் வாயைப் பொத்திக்கொள்வது அந்த எல்லைகளில் ஒன்றல்ல.

இலங்கையின் சட்டம்தான் சிக்கலானது. 1883 ஆம் ஆண்டுக் கோவையின் 365, 365அ பிரிவுகளின்படி, வளர்ந்த இருவர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் ஒருபாலுறவும் குற்றமாகிறது. 1995 திருத்தத்தில் இது பெண்களுக்கும் விரிந்தது. இதை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறாமலே அந்தப் பாராளுமன்றம் 2024 இல் கலைந்தது. ஆகவே ஒருபாலுறவை வைத்து மிரட்டப்படுபவர், பொலிஸில் வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிடுவது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணவன் போனில் பார்த்ததைச் செய்யச் சொல்கிறான், மனைவிக்கு இஷ்டமில்லை. நீதிமன்றப் பிரிவினைக் கட்டளை இல்லாத தம்பதியரிடையே நடக்கும் வன்புணர்வை நம் சட்டம் குற்றமாக ஏற்பதில்லை. வெட்கக்கேடு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அவளுக்கு வழியில்லாமல் இல்லை. அடித்தாலோ காயப்படுத்தினாலோ தொடர்ந்து மனதளவில் வதைத்தாலோ, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கொடுமையைக் காரணம் காட்டிக் காதி நீதிமன்றத்தில் பஸ்ஹு, அதாவது மனைவி கேட்கும் விவாகரத்து, கோரலாம். முதல் ஆலோசனைக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938.

மீண்டும் மிரட்டலுக்கு வருவோம். படம் கையை விட்டுப் போய்விட்டதா? ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முதல் ரீலோட் போன கையோடு இரண்டாவதைக் கேட்பான். ஆத்திரத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். இலக்கம், திகதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்த பிறகு அவனை புளொக் செய்யுங்கள். மிரட்டிக் காசு பறிப்பது பழைய கோவையிலேயே குற்றம்; குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவில் முறையிடலாம். பதினெட்டு தாண்டியவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. அதில் முறையிட்டாலும் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. கைரேகைபோல் அதை அடையாளம் காட்டும் எண் ரேகை மட்டும் போகும். அதே படத்தை யாராவது பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்ற முயன்றால் அந்த ரேகையை வைத்துத் தடுப்பார்கள். வட்ஸ்அப் தனிச் செய்திகளை இதனால் தடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் தாமதிக்காமல் 1929.

தூக்கம் கெட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினால் 1926 ஐ அழையுங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். நேரில் பார்க்க கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. அங்கே சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு பஸ் ஏறுங்கள். வழியில் யாராவது கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.