தனி ஆவர்த்தனத்தில் காலியாகும் நாற்காலிகள்!

பெங்களூர் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ராமநவமிப் பந்தல் எழுந்துவிட்டால் இசை ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தான். 1939-ல் எஸ்.வி.நாராயணசுவாமி ராவ் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலியின் விழா இது. எம்.எஸ்.சுப்புலட்சுமி உள்ளிட்ட மேதைகள் பாடிய மேடை.

கச்சேரி முடிந்ததும் வாசலில் இன்னொரு கச்சேரி ஆரம்பம்! "தோடியை இன்னும் கொஞ்சம் பாடியிருக்கலாம்" என்பார் ஒருவர். "மைக் அலறியதில் தம்பூராவே கேட்கவில்லை" என்பார் மற்றவர். "தமிழ்ப் பாட்டு என்றால் கடைசியில் துக்கடாதானா?" என்று குமுறுவார் ஒரு தமிழன்பர். "எங்கள் தேவர்நாமாவும் அங்கேதானே வருகிறது!" என்று சிரிப்பார் பக்கத்தில் நிற்கும் கன்னட நண்பர். சண்டை இல்லை, சங்கீதம்தான்.

ஆனால், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து காபிக்கு நடையைக் கட்டுகிறார்கள். கச்சேரி முழுவதும் பாடகருக்குத் தோள் கொடுத்த மிருதங்க வித்வானுக்குக் கிடைப்பதே அந்தச் சில நிமிடங்கள்தான். அப்போது அவர் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிக்க வேண்டுமா?

மைக் வசதி பரவாத காலத்தில், பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று ஏழு தந்தி வயலின் செய்தவர் மைசூர் சௌடையா. பக்கவாத்தியத்தில் புகழ் பெற்ற அவர் நினைவாக மல்லேசுவரத்தில் 1980-ல் வயலின் வடிவிலேயே மண்டபம் எழுந்தது.

பக்கவாத்தியக்காரருக்கு மண்டபம் கண்ட ஊர் இது. தனி முடியும்வரை உட்கார்ந்திருப்பது பெரிய காரியமா? காபி ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்!